மார்கழியில சாகற பேட்டரியை மே மாசமே வெயில் கொன்னுடுது

போகி அன்னிக்கு விடிகாலை அஞ்சு மணி இருக்கும். தண்டையார்பேட்டை பூரா டயர் எரியற புகை, எதிர்ல நிக்கற ஆள் தெரியல. ஊருக்குக் கிளம்ப பை, கரும்பு எல்லாம் ஏத்தியாச்சு, அம்மா முன் சீட்ல உக்காந்து சாமி கும்பிட்டாச்சு, சாவியத் திருப்பறேன், டக். டக் டக் டக். டேஷ்போர்டுல எல்லா லைட்டும் ஒரு தடவை மங்கி மறுபடி எரியுது, அவ்ளோதான். செல்ஃப் எடுக்கல. முந்தின நாள் சாயங்காலம் கூட ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆன வண்டி.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் பாயை எழுப்பினேன். மனுஷன் பாவம், லுங்கியோட ஜம்பர் கேபிளைத் தோள்ல போட்டுக்கினு வந்தாரு. வந்தவர் ஒரு பார்வை பாத்துட்டு, "இன்னாண்ணே, மார்கழி பனி இல்ல, பேட்டரி எங்க இழுக்கும்? ரெண்டு வருசம் ஓடிச்சா? மெட்ராஸ்ல அவ்ளோதாண்ணே. புதுசு போட்டுருங்க"ன்னாரு.

ரெண்டு வருஷம்தான்னு அவர் சொன்னது கூட எனக்குப் பெருசாப் படல, பனின்னு சொன்னாரு பாருங்க, அதுதான் வண்டி ஓட்டிட்டுப் போற வழியெல்லாம் மண்டைய குடைஞ்சுது. மெட்ராஸ்ல மார்கழி பனின்னா என்ன, 20 டிகிரி. அதுல ஏசி போட்டுக்கிட்டுத் தூங்கறவங்க நாம. நம்ம ஏரியாவுக்குப் பக்கத்துல இருக்கறது மணலி, மணாலி இல்ல. மைனஸ் 18 டிகிரி குளிர்ல பேட்டரியோட இழுக்கற சக்தி பாதிக்கும் கீழ போயிடும், அது உண்மை, அதனாலதான் குளிர் நாட்டுக்காரங்க பனிக்காலம் வந்தாலே பேட்டரியப் பத்தி புலம்புவாங்க. 20 டிகிரி பேட்டரிக்கு சொகுசான டெம்பரேச்சர். அப்போ மார்கழியில ஏன் சாவுது? ஏன்னா அது ஏற்கனவே செத்த பேட்டரி. விடிகாலையில இன்ஜின் ஆயில் கொஞ்சம் கெட்டியா இருக்கும், ஸ்டார்ட்டருக்குக் கொஞ்சம் கூடுதலா இழுக்க வேண்டியிருக்கும், பேட்டரிக்குள்ள நடக்கற ரசாயன வேலையும் கொஞ்சம் மந்தம், அந்த "கொஞ்சம்"தான் அன்னிக்கு அதால முடியல. உசுரு போனது போகியில, கொலை நடந்தது அதுக்கு முன்னாடி ஏப்ரல் மே கத்திரி வெயில்ல.

இதைப் புரிஞ்சுக்க பேட்டரிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துடலாம், பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. நம்ம ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்து 1856ல முதல் ரயில் கிளம்பிச்சு இல்ல, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1859ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளாந்தேன்னு ஒருத்தர் ரெண்டு ஈயத் தகட்டை சல்பியூரிக் ஆசிட்ல முக்கி வச்சு, கரண்டை உள்ள ஏத்தி மறுபடி வெளிய எடுக்கலாம்னு காட்டினாரு. இன்னிக்கு உங்க பானெட்டுக்குக் கீழ இருக்கறதும் அதேதான். ரயில் நீராவியிலேர்ந்து டீசலுக்கு மாறி, டீசல்லேர்ந்து கரண்டுக்கு மாறி, வண்ணாரப்பேட்டைக்கு அடியில மெட்ரோவே ஓடுது, இந்த ஈயமும் ஆசிட்டும் மட்டும் அப்படியே இருக்கு. 1912ல அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தர் பண்ணின செல்ஃப் ஸ்டார்ட்டரை காடிலாக் கார்ல வச்சாங்க, அதுக்கு முன்னாடி எல்லாம் முன்னால ஹேண்டில் போட்டு சுத்தறதுதான். அம்பாசடர்ல ரொம்ப நாள் வரைக்கும் அந்த ஹேண்டில் டிக்கியில கிடக்கும், பேட்டரி டவுன்னா டிரைவர் இறங்கி நாலு சுத்து சுத்துவார், வேலை முடிஞ்சது. இப்ப அந்த வழியே இல்லாததால பேட்டரி போனா வண்டி வெறும் தகரம்.

பெட்டிக்குள்ள ஆறு செல், ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட், கூட்டினா 12.6. பாசிட்டிவ் தகட்டுல ஈய டை ஆக்சைடு, நெகட்டிவ்ல பஞ்சு மாதிரி இருக்கற ஈயம், நடுவுல ஆசிட். கரண்ட் எடுக்க எடுக்க ரெண்டு தகடு மேலயும் ஈய சல்பேட் படியும், ஆசிட் நீர்த்துப் போகும். சார்ஜ் ஏத்தினா அந்த சல்பேட் கரைஞ்சு மறுபடி ஆசிட்டா மாறிடும். இதுல சூட்சுமம் என்னன்னா, புதுசா படிஞ்ச சல்பேட் பொடியா இருக்கும், சுலபமா கரையும். அப்படியே நாள் கணக்கா விட்டா கல்கண்டு மாதிரி கெட்டியாயிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் அந்த இடம் கரையாது, தகட்டுல அந்த அளவு செத்துப்போச்சுன்னு அர்த்தம். மெக்கானிக்குங்க சல்பேட் புடிச்சிடுச்சுன்னு சொல்றது இதைத்தான்.

ஆக ஒரு பேட்டரியைக் கொல்றதுக்கு வெயில், பட்டினி இந்த ரெண்டு போதும். வடசென்னையில ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல.

முதல்ல வெயில். பேட்டரிக்காரங்க தோராயமா ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் பேட்டரி ஆயுசு கிட்டத்தட்ட பாதியாகும்னு. சூட்டுல ரசாயன வேலை எல்லாம் வேகமா நடக்கும், நல்லதும் நடக்கும் கெட்டதும் நடக்கும். வேகமா இழுக்கும், அதனால வெயில் காலத்துல வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆகும், நாமும் பேட்டரி சூப்பரா இருக்குன்னு நினைச்சுக்குவோம். உள்ள பாசிட்டிவ் தகட்டோட ஈயக் கம்பி அரிச்சுக்கிட்டு இருக்கும், தண்ணி ஆவியாகிக்கிட்டு இருக்கும், சும்மா நின்னாலே இறங்கற சார்ஜ் இன்னும் வேகமா இறங்கும். சென்னையில 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி அடிச்சுது, அது வெளியில காத்தோட சூடு. எண்ணூர் விரைவு சாலையில கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, ஏசி ஓட, ரேடியேட்டர் ஃபேன் அலற, ஊர்ந்து ஊர்ந்து போற கார்ல பானெட்டுக்குள்ள 60 டிகிரியைத் தாண்டறது சாதாரணம். வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணின உடனே ஃபேனும் காத்தும் நின்னுடும், இன்ஜின் சூடு மட்டும் நிக்காது, அது ஒரு மணி நேரம் பேட்டரியை அவிச்சுக்கிட்டு இருக்கும்.

இதுக்கு நாம பண்ண முடிஞ்சது கொஞ்சம்தான், அதை ஒத்துக்கணும். நிழல் கிடைச்சா நிழல்ல நிறுத்துங்க, தெருவுல மேற்கு வெயில் அடிக்கற பக்கம் மூஞ்சியைக் காட்டி நிறுத்தாதீங்க. இன்னொண்ணு, நிறைய வண்டியில கம்பெனியிலேர்ந்து வரும்போதே பேட்டரியைச் சுத்தி ஒரு கறுப்பு உறை, இல்லன்னா பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், இன்ஜின் சூடு நேரா படக்கூடாதுன்னு. முதல் பேட்டரி மாத்தும்போதே கடைப் பையன் "இது எதுக்குண்ணே அடைச்சல்"னு தூக்கிப் போட்டுடுவான். எனக்கும் அப்படித்தான் ஆச்சு, அது போனதே எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அதே மாடல் இன்னொரு வண்டியைத் திறந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதைப் பத்திரமா வாங்கி மறுபடி மாட்டிக்கோங்க.

அடுத்து பட்டினி. இதுலதான் நம்ம கையில நிறைய இருக்கு, இதுலதான் நிறைய பேருக்கு தப்பான கணக்கும் இருக்கு.

ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி பாதி காலியாயிடும்ங்கற மாதிரி பேசுவாங்க. இல்லவே இல்ல. ஸ்டார்ட்டர் 150 ஆம்ப் இழுக்குதுன்னு வச்சுக்குவோம், ரெண்டு செகண்ட் இழுத்தா மொத்தமே 0.08 ஆம்ப் ஹவர்தான் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு ஆம்ப் ஹவர்). சின்ன கார்ல இருக்கற 35 ஆம்ப் ஹவர் பேட்டரிக்கு அது ஒரு வாய் டீ. ஓட ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துல அது திரும்பி வந்துடும். பிரச்சனை ஸ்டார்ட் இல்ல, நிக்கறதுதான். வண்டி ஆஃப்ல இருக்கும்போதும் ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டேதான் இருக்கும், 50 மில்லிஆம்ப் வரைக்கும் நார்மல்னு சொல்லுவாங்க. என் வண்டியில மீட்டர் போட்டுப் பாத்தேன், 48. கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு இல்ல? ஒரு நாளைக்கு 1.15 ஆம்ப் ஹவர், ஒரு வாரத்துக்கு 8. 35ல 8, கிட்டத்தட்ட கால்வாசி.

இப்ப நம்ம ஏரியா ஆளுங்க கார் எப்படி ஓட்டறோம்னு பாருங்க. வாரத்துல ஆறு நாள் பைக், இல்ல மெட்ரோ, கார் தெருவுல கவர் போட்டு நிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில காசிமேடு போயி மீன் வாங்கிட்டு வரணும், இல்ல எம்சி ரோட்டுக்கு துணி எடுக்கணும், போக இருபது நிமிஷம் வர இருபது நிமிஷம், அதுவும் பாதி நேரம் ஐடில்ல நிக்கறது. ஆல்டர்னேட்டர்னு ஒண்ணு இருக்கு, இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தயாரிச்சு பேட்டரியை நிரப்பறது, பழைய மெக்கானிக்குங்க இன்னும் டைனமோன்னே சொல்லுவாங்க, அதுல 65 ஆம்ப்னு எழுதியிருந்தா அது இன்ஜின் நல்லா சுத்தும்போது. ஐடில்ல அதுல பாதி வந்தாலே பெருசு. அந்தப் பாதியிலதான் ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், சாயங்காலம்னா ஹெட்லைட் ஒரு 9 ஆம்ப், மழைன்னா வைப்பர், பாட்டு, ரெண்டு போன் சார்ஜிங் எல்லாம் நடக்கணும். மிச்சம் இருந்தா பேட்டரிக்கு. சில நேரம் மிச்சமே இருக்காது, பேட்டரி தன் கையிலேர்ந்து போட்டுக் கொடுக்கும். அந்த நாப்பது நிமிஷத்துல 4 ஆம்ப் ஹவர் உள்ள போனா அதிர்ஷ்டம்.

வாரத்துக்கு 8 செலவு, 4 வரவு. ஒரு மாசத்துல பேட்டரி எங்க நிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆனா அது ஸ்டார்ட் ஆகிக்கிட்டேதான் இருக்கும், அதுதான் ஏமாத்து. பாதி சார்ஜ்ல கூட ஸ்டார்ட் ஆகும். நாம ஓடுதே ஓடுதேன்னு இருப்போம், உள்ள பாதி தகடு மேல சல்பேட் படிஞ்சு கல்லாயிக்கிட்டு இருக்கும்.

வாராவாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஐடில்ல விட்டாப் போதும்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகல. அதுல பெட்ரோல் போகும், புகை போகும், பேட்டரிக்கு ஒண்ணும் போகாது. நல்லா ஓட்டறதா இருந்தா ஏசி ஹெட்லைட் இல்லாம பகல்ல ஒரு மணி நேரம், மாதவரம் தாண்டி ஹைவே புடிச்சு ஓட்டணும். அதுலயும் ஒரு விஷயம், பேட்டரி முதல் 80 சதவீதம் வரைக்கும்தான் மடமடன்னு வாங்கிக்கும், கடைசி 20 சதவீதத்தை சொட்டு சொட்டாதான் குடிக்கும், அதுக்குப் பல மணி நேரம் வேணும். ரோட்ல ஓட்டி நிரப்பறது நடக்கற காரியம் இல்ல. அந்தக் கடைசி இருபதுலதான் சல்பேட் முழுசா கரையறதே இருக்கு.

அதனால நான் கண்டுபிடிச்ச ஒரே உருப்படியான வழி மாசத்துக்கு ஒரு தடவை வீட்டு சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போடறது. தானா நிறுத்திக்கற சார்ஜர் வாங்குங்க. பேட்டரி எத்தனை ஆம்ப் ஹவரோ அதுல பத்துல ஒரு பங்கு ஆம்ப் போதும், 35க்கு மூணு மூணரை. மெதுவா ஏத்தறதுதான் நல்லது, கடையில ஒரு மணி நேரத்துல ஏத்தித் தர்ற ஃபாஸ்ட் சார்ஜ் அவசரத்துக்கு மட்டும். சரி, ப்ளக் பாயிண்டுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நாலு அடி சந்துல வீடு, கார் மெயின் ரோட்ல நிக்குது, மூணாவது மாடியிலேர்ந்து ஒயர் விட முடியாது. நான் பேட்டரியைக் கழட்டி மேல தூக்கிட்டு வந்துடறேன், ஒம்பது பத்து கிலோதான், ஒரு சின்ன சிப்பம் அரிசி. கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில நெகட்டிவ், இதை மாத்தாதீங்க, ஸ்பானர் பாடியில பட்டா பொறி பறக்கும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ஜன்னலை இறக்கி வச்சுட்டு சாவியைக் கையில வச்சுக்கோங்க, சில வண்டி தானா லாக் ஆகி முழிக்க வைக்கும். வீட்டுல பால்கனி மாதிரி காத்து வர்ற இடத்துல வச்சு சார்ஜ் போடுங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், சாமி விளக்கு பக்கமோ கேஸ் அடுப்பு பக்கமோ கூடவே கூடாது. எங்க வீட்டம்மா முதல் தடவை பாத்துட்டு "அதை ஏன் குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வர்றீங்க"ன்னு கேட்டாங்க, சாய்க்காம தூக்கணும், அதான்.

2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கா? மார்ச் 25ல நிறுத்தின வண்டி. ஏப்ரல், மே, அக்னி நட்சத்திரம் பூரா ஓடாம வெயில்ல நின்னுது. வெயிலும் பட்டினியும் ஒண்ணா. ஜூன்ல எங்க தெருவுல நின்ன கார்ல முக்கால்வாசி எடுக்கல, பாய் ஜம்பர் கேபிளோட வீடு வீடாப் போனாரு. அதுல தப்பிச்ச ஒரே வண்டி ஒரு ரிட்டயர்ட் துறைமுக ஊழியரோடது, மனுஷன் முதல் நாளே நெகட்டிவ் ஒயரைக் கழட்டிட்டாரு. அவ்ளோதான் பண்ணினாரு. ரெண்டு வாரத்துக்கு மேல வண்டி எடுக்கமாட்டோம்னு தெரிஞ்சா இது ஒண்ணு போதும். ரேடியோ ஸ்டேஷன் அழிஞ்சு போகும், கடிகாரம் திரும்ப வைக்கணும், போகட்டுமே.

அந்த 48 மில்லிஆம்ப் சும்மா வண்டி. இதுக்கு மேல நாம மாட்டறது இருக்கு பாருங்க. ஜிபிஎஸ் டிராக்கர், பார்க்கிங்லயும் ரெக்கார்ட் பண்ற டேஷ்கேம், டிக்கி முழுக்க ஆம்ப்ளிஃபையர், காலடியில நீல கலர் எல்இடி. ஒவ்வொண்ணையும் கடைக்காரர் எந்த ஒயர் கையில கிடைக்குதோ அதுல முறுக்கி டேப் சுத்திடுவாரு, சாவி ஆஃப் பண்ணினாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். பேட்டரி அடிக்கடி டவுன் ஆனா புது பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. மல்டிமீட்டரை 10 ஆம்ப்ல வச்சு நெகட்டிவ் ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல கோத்து, வண்டியைப் பூட்டிட்டு அரை மணி நேரம் காத்திருங்க, கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போக அவ்ளோ நேரம் ஆகும், அப்புறம் பாத்தா 50க்குள்ள இருக்கணும். கூடுதலா இருந்தா ஃப்யூஸ் ஒண்ணொண்ணா புடுங்குங்க, எதை எடுக்கும்போது விழுதோ அங்கதான் திருடன். மீட்டர் மாட்டின நிலையில மறந்து ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும், அனுபவம்.

பார்க்கிங் லைட்டை மறந்துட்டு போறது பழைய கதை, ஒரு ராத்திரியில அது 2 ஆம்ப் கணக்குல பாதி பேட்டரியைக் குடிச்சுடும். ஆனா எங்க பக்கம் பெரிய பேட்டரி தினம் ஆயுத பூஜைதான். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நாலு கதவையும் டிக்கியையும் திறந்து வச்சு பாட்டு போட்டு விட்டுருவாங்க, இன்ஜின் ஆஃப். உள்ள லைட் அத்தனையும் எரியும். மதியம் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கறதுக்கு வண்டிய எடுக்கணும், டக் டக். அதே மாதிரி கொருக்குப்பேட்டை கேட் போட்டுட்டா, கூட்ஸ் ரயில் ஊர்ந்து போற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்றது நல்ல பழக்கம்தான், ஆனா சாவியை ஆன்லயே விட்டு ப்ளோயரும் ஹெட்லைட்டும் ஓட உக்காந்திருந்தா பதினஞ்சு இருபது ஆம்ப் போயிக்கிட்டு இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. கார் பேட்டரி தகடு மெல்லிசு, ஒரு நொடிக்கு பலமா இழுக்கறதுக்கு செஞ்சது. இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி மணிக்கணக்கா வடிக்கறதுக்கு இல்ல. முழுசா நாலஞ்சு தடவை டவுன் பண்ணினாலே அதோட பலம் நல்லா குறைஞ்சுடும்.

தண்ணி விஷயம். மூடி திறக்கற மாதிரி பேட்டரின்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க, தகடு முங்கி இருக்கணும், குறைஞ்சா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆவியாறது தண்ணிதான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு, அதனால ஆசிட் ஊத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. ரெண்டு நாள் குதிரை மாதிரி இழுக்கும், அப்புறம் தகட்டைத் தின்னுடும். குழாய்த் தண்ணி, போர் தண்ணி பேச்சே வேணாம், கடலோரம் நம்ம போர் தண்ணியில உப்பும் இரும்பும் எவ்ளோன்னு பக்கெட்டோட கறையைப் பாத்தாலே தெரியும். ஆர்ஓ தண்ணியிலயும் உப்பு மிச்சம் இருக்கும். எதிர் வீட்டு அக்கா ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணியைக் கேன்ல புடிச்சு இன்வெர்ட்டருக்கு ஊத்தறாங்க, "அது டிஸ்டில்டு வாட்டர்தானப்பா"ன்னு கேட்டாங்க. பாதி சரி, காத்துலேர்ந்து குளுந்து விழற தண்ணிதான். ஆனா அது செம்பு, அலுமினியம் காயில் மேலயும் தூசி மேலயும் வழிஞ்சு வருது, அந்த உலோகத் துணுக்கு பேட்டரிக்கு ஆகாது. அஞ்சு லிட்டர் கேன் விலைக்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

மூடியே இல்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியில ஒரு சின்ன கண்ணாடிக் கண் இருக்கும், பச்சைன்னா நல்லாருக்கு, கறுப்புன்னா சார்ஜ் கம்மி, வெள்ளைன்னா தண்ணி போச்சு. அதை முழுசா நம்பாதீங்க. ஆறு செல்லுல அது ஒரே ஒரு செல்லைத்தான் பாக்குது, மத்த அஞ்சுல ஒண்ணு செத்திருந்தாலும் பச்சையாத்தான் காட்டும். ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி வச்சுக்கிறது நல்லது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில பாருங்க, 12.6க்கு மேலன்னா ஃபுல், 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12க்கு வந்துட்டா உடனே சார்ஜ் போடணும். ஓட்டிட்டு வந்த உடனே பாத்தா பொய் சொல்லும். இன்ஜின் ஓடும்போது பொதுவா 13.8லேர்ந்து 14.5க்குள்ள வரணும், 15ஐத் தாண்டினா டைனமோ ரெகுலேட்டர் போச்சு, பேட்டரியைக் கொதிக்க வச்சுக்கிட்டு இருக்கு. அழுகின முட்டை நாத்தம் வந்தா அதுதான், நிறுத்திடுங்க.

டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருக்கும். ஆசிட் புகைதான் காரணம், கடல் காத்து அதுக்கு ஒத்து ஊதும், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பீச்சை ஒட்டி நிறுத்தற வண்டியில எர்த் ஒயர் பாடியில முடுக்கற போல்ட் துருப்பிடிச்சே பாதி பேருக்கு பேட்டரி வீக்னு தோணும், பேட்டரி மேல பழி போட்டு மாத்திடுவாங்க. ஆப்பசோடாவைத் தண்ணியில கரைச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சா நுரை பொங்கிக் கழண்டு வரும், மூடி ஓட்டை வழியா உள்ள போகாம பாத்துக்கோங்க, நல்லா தொடைச்சு முடுக்கிட்டு மேல வாஸ்லின் தடவுங்க. அப்படியே பேட்டரியைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா கிளாம்ப் லூஸ். மணலி ரோட்டுப் பள்ளத்துல ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகட்டு மேல இருக்கற பசை உதிர்ந்து அடியில சேரும், அது மேல வந்து ரெண்டு தகட்டைத் தொட்டா அந்த செல் அவுட், 12.6 இருக்க வேண்டியது 10.5 காட்டும், அதுக்கு வைத்தியம் கிடையாது.

சிமெண்ட் தரையில பேட்டரி வச்சா சார்ஜ் இறங்கும்னு பலகை போடச் சொல்லுவாங்க, பழைய காலத்து பெட்டிக்கு அது சரியா இருந்திருக்கலாம், இன்னிக்கு பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது. மழைத் தண்ணி விஷயம் மட்டும் நிஜம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி தண்ணி ஏறும்னு தெரிஞ்சா முதல் வேலையா நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க. கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கற ஒயர் கனெக்டர் தண்ணியில முங்கினா ராத்திரியோட ராத்திரியா அரிச்சுடும்.

ஜம்ப் பண்ணும்போது, அதாவது இன்னொரு வண்டி பேட்டரியிலேர்ந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது, கிளிப் போடற வரிசை இது: செத்த பேட்டரி பாசிட்டிவ், நல்ல பேட்டரி பாசிட்டிவ், நல்லதோட நெகட்டிவ், கடைசி கிளிப் மட்டும் செத்த பேட்டரியில வேணாம், அந்த வண்டி இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல போடுங்க. கடைசி கிளிப்லதான் பொறி வரும், பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் டைனமோ பாத்துக்கும்னு விட்டுடாதீங்க, முழுசா காலியான பேட்டரியை நிரப்பறது அது வேலை இல்ல, அன்னிக்கே சார்ஜர் போடணும்.

இதெல்லாம் பண்ணியும் ஒரு நாள் போகத்தான் போகும். வாங்கும்போது தயாரிச்ச மாசத்தைக் கேளுங்க, பெட்டியில கோடு இருக்கும், கடைக்காரருக்குப் படிக்கத் தெரியும். ஷெல்ஃப்ல சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், சூடான கடையில ஆறு மாசம் இருந்ததுன்னா அது வாங்கறதுக்கு முன்னாடியே சல்பேட் புடிச்ச பேட்டரி. சிக்னல்ல தானா இன்ஜின் ஆஃப் ஆகற வண்டின்னா அதுக்கு இஎஃப்பி, ஏஜிஎம்னு தனி வகை, விலை கம்மின்னு சாதா பேட்டரி போட்டா சீக்கிரம் போயிடும்.

பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடுங்க, எடைக்குக் காசு கூட வருதுன்னு பழைய இரும்புக்காரர்கிட்ட போடாதீங்க. உள்ள இருக்கறதுல பாதிக்கு மேல ஈயம், அதை எங்கயோ ஒரு பின்கட்டுல உடைச்சு உருக்கினா அந்தப் புகையும் மண்ணும் அந்தத் தெரு குழந்தைங்களோட மூளைக்குப் போகும். விக்கறவங்க பழசைத் திரும்ப வாங்கணும்னு 2001லயே விதி வந்தது, 2022ல அதை மாத்தி தயாரிக்கற கம்பெனி மேலயே பொறுப்பை வச்சிருக்காங்க.

அந்தப் போகி பேட்டரியை நானும் பொங்கல் முடிஞ்சு கடையில கொடுத்தேன். பில் போட்டுக்கிட்டு இருக்கும்போது பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் அதைத் தூக்கித் தொடையில சாய்ச்சுக்கிட்டு உள்ள போனான். தம்பி, சாய்க்காதப்பான்னேன். "பழக்கம்ண்ணா"ன்னு சிரிச்சுக்கிட்டே போனான். அவன் ஜீன்ஸ்ல முட்டிக்கு மேல வரிசையா ஏழெட்டு ஓட்டை, ஃபேஷன் ஓட்டை இல்ல, ஓரம் எல்லாம் மஞ்சளா பொசுங்கியிருந்தது.